ஒன்பதாம் எண் அறையில் கறையே இல்லை

இருந்த இடத்தில் எந்தத் தடயமும் விடாமல் போகிற ஒருவர், அங்கே இருந்தார் என்று எதை வைத்துச் சொல்வது? புத்தகத்தில் படித்தால் இது சுவையான கேள்வி. அந்த ஓவியருக்கு அது அலுவலகக் கடிதமாக வந்தது.

வேறு நாட்டிலிருந்து மனைவியோடும் மகளோடும் வந்தவர். வாரமெல்லாம் கட்டடங்களுக்குச் சுவர்ப்பூச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமையலறை மேசையில் படம் வரைவார். நான்கு ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகள். மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரலில் நீலம் ஒட்டியது. அடுத்த வாரம் தட்டுமுட்டுச் சாமான்களோடு மூவரும் தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகு அவர் வரைந்த நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம்.

பிறகு ஓர் அறக்கட்டளை அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆறு மாதத்துக்குத் தனி அறை, வேண்டிய வண்ணங்கள், வீட்டுச் செலவுக்குப் பணம். முடிவில், 'இவர் இங்கே வேலை செய்தார்' என்று ஒரு சான்றிதழ். குடும்பத்தின் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்பட அந்தத் தாள் வேண்டும். கிடைக்காவிட்டால் மூவரும் வந்த வழியே போக வேண்டியதுதான்.

இரண்டாம் மாடி, ஒன்பதாம் எண். தரைக்குப் புதிதாகச் சாம்பல் வண்ணம் பூசியிருந்தார்கள். முதல் நாளே அவர் தரை முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டார். செருப்பை வெளியே விட்டார். நாலு மணி அடித்தால் தூரிகைகளைக் கழுவி, தொட்டியைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, படங்களைச் சுவர் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். குப்பையைப் பையில் கட்டி வீட்டுக்கே எடுத்துப் போவார். கதவைச் சாத்துமுன் குனிந்து, தரையை வெளிச்சத்துக்கு எதிராக ஒருமுறை பார்ப்பார். மற்ற ஓவியர்கள் தேநீர் குடிக்கும் கூடத்துக்கும் போவதில்லை. வாய் தவறி எதையாவது உளறிவிட்டால்? பின்பக்கப் படிக்கட்டில் வந்து, அதிலேயே போய்விடுவார். நடைவழியில் காலடி கேட்டால் தூரிகை அந்தரத்தில் நின்றுவிடும்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. 'தங்கள் அறை பயன்பாட்டில் இல்லை எனப் பதிவாகியுள்ளது. பதினைந்து நாளில் குழு நேரில் பார்வையிடும்.'

மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"தினமும் டப்பாவைக் கட்டிக்கிட்டு எங்கதான் போறீங்க?"

"அங்கதான்."

"அங்க ஆளே வரலைன்னு எழுதியிருக்கானே. எனக்குத் தெரியாம இன்னொரு வீடா? அதையும் துடைச்சுக் குடுக்கிறீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். பிறகு கடிதத்தை மூன்றாம் தடவையும் படித்தாள்.

மறுநாள் அவர் நாலு மணிக்குக் கிளம்பவில்லை. ஐந்து மணிக்குத் துப்புரவுப் பெண் வாளியோடு கதவைத் திறந்தாள்.

"அய்யோ, ஆள் இருக்கா! நீங்க யாருண்ணே?"

"இந்த ரூம்தாம்மா. தினமும் வர்றேன்."

"அப்ப குப்பை எங்க? எட்டாம் நம்பர்ல கால் வைக்க முடியலை. என் செருப்பைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர், நீயும் படம் போட ஆரம்பிச்சிட்டியாங்கிறார். இங்க கூடைகூட காலி. 'சுத்தம் செய்யத் தேவையில்லை'ன்னு தாள்ல டிக் போட்டுட்டுப் போயிடுவேன்."

"அந்தத் தாள் எங்க போகும்?"

"ஆபீசுக்கு." அவள் முகம் சுருங்கியது. "என் வேலைக்கு எழுதினதுண்ணே, உங்களைப் பத்தி இல்லை. நாளைக்குக் கொஞ்சம் கொட்டி வைங்க, நான் மாத்தி எழுதுறேன்."

மறுநாள் விரிப்பைச் சுருட்டினார். நீலம் சொட்டும் தூரிகையைத் தரைக்கு மேலே நீட்டினார். சொட்டு விழப்போகும் நேரத்தில் இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

குழு வந்த நாளில் அவர் அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அறக்கட்டளையின் நிர்வாகி அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார், ஒரு கையைத் தொட்டியின் ஓரத்தில் ஊன்றியபடி. ஓவியர் அந்த விரல்களையே பார்த்தார். அம்மாள் கையை எடுத்தார். விரலில் ஒன்றும் இல்லை.

அலமாரியிலிருந்து பத்துப் படங்கள் வெளியே வந்தன. எல்லாம் வாடகை வீட்டு அறைகள். காலி செய்த காலையில், கழுவித் துடைத்த நிலையில். பத்தில் ஆறு சாதாரணம் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற நான்கில், கட்டில் கால் அழுத்திய பள்ளம் தரையில் அப்படியே இருக்கிறது. பார்த்தால் நகர முடியாது.

"இதையெல்லாம் ஏன் மறைச்சு வச்சீங்க?" என்றார் நிர்வாகி.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார். மீதி மாதங்களும் அப்படியே கழிந்தன. சான்றிதழ் கிடைத்தது. அனுமதியும் வந்தது.

கடைசி நாளில் வழக்கம்போலத் துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அலமாரியைத் துடைக்கத் திறந்த துப்புரவுப் பெண், பதினோராவது படம் ஒன்றைப் பார்த்தாள். அதே ஒன்பதாம் எண் அறை. தரையெங்கும் நீலமும் சிவப்பும் கொட்டிக் கிடந்தன. தொட்டி வண்ணத்தால் வழிந்தது. கதவிலிருந்து ஜன்னல்வரை வெறுங்கால் தடங்கள். அவள் நின்றிருந்த தரையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பதிவேட்டில் எண்ணைப் பார்த்து உடனே அவருக்குப் போன் செய்தாள். "அண்ணே, ஒரு படத்தை மறந்துட்டீங்க."

"மறக்கலைம்மா."

"அப்ப ஆபீஸ்ல குடுத்துடவா?"

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

ஏன் என்று மனைவியும் கேட்டாள். அவர் புதிதாகக் குடிபோன எட்டாவது வாடகை வீட்டின் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.