எழுபத்தெட்டு காட்டிய மெஷின்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ‘ரிப்பேர்’. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. “ரிப்பேரைக் கூப்பிடு” என்று வார்டில் குரல் கேட்டால், பிரஷர் பார்க்கும் கருவியோ சலைன் மெஷினோ ஏதோ ஒன்று படுத்துவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. மனுஷனைவிட மெஷின்தான் அதிகம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பெரிய டாக்டர்களிடமே இதை வாய் கூசாமல் சொல்வார்.

வீட்டிலும் ஜன்னலோரம் ஒரு மேசை, நிறைய ஸ்குரூ டிரைவர்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவிகளைப் பையில் போட்டு எடுத்து வருவார். சரி செய்ததும் மனைவியின் விரலில் மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அவருடைய விரல் நுனியெல்லாம் ஈயப் பற்று வைத்துச் சுட்டுச் சுட்டுக் காய்த்துப் போனவை. அதில் மாட்டினால் கருவி முழிக்கும். மனைவிக்கு எப்போது மாட்டினாலும் தொண்ணூற்றெட்டு.

“உங்க ஆஸ்பத்திரில என் விரலுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க” என்பாள் அவள்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல், இருமல். நாலு நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. இருமலும் குறைந்திருந்தது. “பாத்தியா, விட்டுடுச்சு” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயாடி தலையை மட்டும் ஆட்டினால் என்ன ஏது என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை மகராசன். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு ஒரு கருவியை முடித்து அவள் விரலில் மாட்டினார். எழுபத்தெட்டு.

“சனியன், இன்னும் சரியாகல” என்று கருவியைத் திட்டினார்.

விரல் குளிர்ந்திருக்கிறது என்று அவள் கையைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். எழுபத்தேழு. பேட்டரியை மாற்றினார். வேறு விரலில் மாட்டினார். எழுபத்தெட்டு. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கருவியை எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த கண்ணாடியைத் துடைத்தார், ஒயரைப் பிய்த்து மறுபடி பற்றவைத்தார். முழுசாக நாற்பது நிமிடம். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அப்போதுதான் அவள் தம்பி வந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன்; அக்காவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். மெஷினைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் நேராக அக்காவைப் பார்த்தான்.

“மாமா, அக்கா ஏன் இப்படி மூச்சு வாங்குறா? உதடு ஏன் நீலமா இருக்கு?”

ரிப்பேர் திரும்பினார். அவள் தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கருவியை மைத்துனன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றேழு. அவளுக்கு மாட்டினார். எழுபத்திரண்டு. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பிதான் அக்காவை அள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றினான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, “என்ன அண்ணே, இன்னைக்கு லீவுன்னு…” என்று சிரித்தபடி வந்தவள், நோயாளியைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். முதலில் முகத்தில் ஆக்சிஜன். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினாள். நாற்பத்திரண்டு. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். பிரஷர் இறங்கிக் கிடந்தது. ரத்தம் எடுத்த கையோடு நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். எக்ஸ்ரே வந்தது. கறுப்பாகத் தெரிய வேண்டிய வலது நுரையீரல் பாதிக்கு மேல் வெள்ளை; இடது பக்கமும் கீழே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

“நிமோனியா அண்ணே. ரொம்ப முத்திடுச்சு. ஐசியுவுக்கு மாத்துறோம்.”

“காலைல காய்ச்சல் விட்டுடுச்சே மேடம். உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சே.”

“அது விட்ட ஜில்லு இல்லண்ணே. உடம்பு தோத்துக்கிட்டு இருந்திருக்கு.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஐசியுவில் அவள் கட்டிலைச் சுற்றி ஐந்து மெஷின்கள். எல்லாவற்றிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சை ஸ்டிக்கரும் அவர் கையெழுத்தும். போன மாதம் எந்த அவசரத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “மூச்சுக் குழாய் போட வேண்டி வரலாம், சொல்ல முடியாது” என்று டாக்டரம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளும் அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். திரையில் ஓடிய எண்ணைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் பிரஷர் ஏறியது. மூச்சு இருபத்தாறுக்கு வந்தது. குழாய் தேவைப்படவில்லை. நான்காம் நாள் முகமூடியை எடுத்துவிட்டு மூக்கில் மட்டும் ஆக்சிஜன் வைத்து, உள்ளே போய்ப் பேசலாம் என்றார்கள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெரிய மனுஷன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். “என்னை மன்னிச்சிரும்மா. மெஷின்தான் கோளாறுன்னு நினைச்சிட்டேன்.”

“அட, விடுங்க” என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது. கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் தட்டினது உங்களுக்குக் கேக்கலையா?”

“எப்போ?”

“நீங்க அதைப் பிரிச்சுக்கிட்டு இருந்தப்போ. கூப்பிடப் பாத்தேன், குரலே வரல. நாற்காலிக் கையை மூணு தடவை தட்டினேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

“திரும்பிக்கூடப் பாக்கல நீங்க. ‘சும்மா இரு, ஸ்குரூ விழுந்துடும்’னீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். “சரி, ஏதோ முக்கியமான வேலை போலன்னு தட்டுறதை நிறுத்திட்டேன்.”

அவருக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை.