பிரேக் அக்காவும் ஓர் உருண்டை நட்சத்திரமும்

எங்கள் கட்டிடத்தில் அவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை இருபது வருஷத்துக்கும் மேலாக மிதித்து வரும் கால் அவருடையது. சோபாவில் உட்கார்ந்து பேசும்போதுகூட நாம் ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் அந்த வலது கால் தரையை அழுத்தும். அடுத்து வாய் திறக்கும். அதற்குப் பிறகு நாம் ஆரம்பித்ததை முடிப்பது நடக்காத காரியம்.

அந்த ஸ்கூலில் அவர் முதலில் வரவேற்பு மேஜையில்தான் இருந்தார். ஒருநாள் காலை, பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "வகுப்பு கிடையாதுன்னு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடும்மா" என்றார் முதலாளி. அக்கா போன் போடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி பின்னாலேயே ஓடிவந்து கத்த, கண்ணாடியை இறக்கி, "லைசென்ஸ் இருக்கு, வாயும் இருக்கு. இந்த வேலைக்கு வேற என்ன சார் வேணும்?" என்று கேட்டிருக்கிறார். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் தொலைநோக்கி வாங்கியபோது கட்டிடமே மூக்கின் மேல் விரலை வைத்தது. ஏன் என்று நான் கேட்டேன். "ஆயுசு பூரா முன்னாடி போற வண்டியோட முதுகையே பாத்துட்டிருக்கேன்டா. கொஞ்சம் தள்ளி இருக்கறதையும் பாக்க வேண்டாமா?" என்றார். கொஞ்சம் தள்ளி என்று அவர் சொன்னது பல லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடா அண்டத்தை.

அதைப் படம் பிடிப்பது போனை நீட்டி 'கிளிக்' பண்ணுகிற வேலை இல்லை. வந்து சேரும் வெளிச்சம் அத்தனை சொற்பம் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை நிமிஷக்கணக்கில் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் பூமி சுழன்றுவிடும். அதனால் தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டார் வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் பல்சக்கரம் எப்போதும் ஒரே சீராக ஓடாது. எனவே பெரிய தொலைநோக்கியின் முதுகில் ஒரு குட்டித் தொலைநோக்கியும் குட்டிக் கேமராவும் உட்கார்ந்து ஒரே ஒரு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி நகர்ந்தால் லேப்டாப் மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் சரிசெய்துகொள்ளும். கைடிங் என்று அதற்குப் பெயர். அது ஒழுங்காக அமைந்தால் படத்தில் நட்சத்திரங்கள் உருண்டையாக விழும், இல்லாவிட்டால் நீளமாக இழுபட்டுவிடும்.

அக்காவுக்கு அது அமையவே இல்லை. என் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. முக்காலியை இழுக்கும் சத்தம், தொலைநோக்கியைச் சமன்செய்யும் எடையைக் கழற்றி மாட்டும் சத்தம், கடைசியில் அக்கா திட்டும் சத்தம் என்று ஒரு வருஷமாக எல்லாம் எனக்கு அத்துப்படி. தொங்கும் ஒயர்களை இறுக்கிக் கட்டிப் பார்த்தார். முக்காலிக்குக் கீழே ரப்பர் வைத்தார். என்னைப் படியில் நடக்கக்கூடாது என்றார், நானும் சொன்ன பேச்சைக் கேட்டேன். நட்சத்திரங்கள் மட்டும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செயலாளர் மாடிக்கு விளக்குப் போடக் கிளம்பினார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எதையும் நாலு பேர் எதிரில் சொல்லி முடித்துவிட்டுத்தான் கருத்துக் கேட்பார். மாடியின் நாலு மூலையிலும் பெரிய விளக்கு, பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் நடக்க. நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விளக்குகள் வந்தால் அக்காவின் வானம் வெளுத்துவிடும். மாடி பொதுச்சொத்து, வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எதையும் மாற்ற முடியும். அக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கி என்று சொல்லிச் செயலாளர் கார் நிறுத்துமிடத்தில் கூட்டத்தைக் கூட்டினார். நான் வாடகைக்காரன், என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வேடிக்கை பார்க்கத் தடையில்லை என்பதால் போனேன்.

"ஒரு வருஷமா மேல என்னதான் பண்றீங்க? ஒரு படம் காட்டுங்க பாப்போம்" என்றார் செயலாளர்.

அக்கா போனை நீட்டினார். செயலாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் காட்டினார். "வானத்துல சீரகம் கொட்டின மாதிரி இருக்கு" என்றார். கார் நிறுத்துமிடம் முழுக்கச் சிரிப்பு. உண்மையைச் சொன்னால் சீரகம் மாதிரிதான் இருந்தது, அதுதான் எனக்கும் எரிச்சல்.

அக்காவின் கால் தரையை அழுத்தியது. "அடுத்த கூட்டத்துக்குள்ள உருண்டையா ஒரு படம் எடுத்துட்டு வரேன். இல்லேன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது.

அன்று மாலையே வானியல் மன்றத்துக்காரர் ஒருவரிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நீங்க குட்டிக் கேமராவை அரை வினாடிக்கு ஒரு தடவை பாக்க வைக்கறீங்க, பார்த்த பிழையை முழுசா திருத்தச் சொல்றீங்க. பாதிக்கும் கீழே வைங்கம்மா. காத்து அசையறதால நட்சத்திரம் சும்மாவே ஆடும். தானா திரும்பி வந்துடும்" என்றார் அவர்.

"தப்பு நடக்கறப்போ பாதி திருத்தறதா? அப்படி நான் வேலை பாத்திருந்தா இந்நேரம் ஊர்ல பாதிப் பேர் கட்டு போட்டுட்டு இருப்பாங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார். அவ்வளவு நல்ல மனிதரின் அவ்வளவு நல்ல யோசனை அத்தோடு குப்பைக்குப் போனது.

அக்காவிடம் வண்டி கற்றுக்கொள்பவர்களில் நானும் ஒருவன், செயலாளரின் மனைவியும் ஒருவர். அந்த அம்மாள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டில் அவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மிச்சத்தைச் சொல்லி முடித்திருப்பார். வண்டியில் அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் அக்காவின் கை வந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்கு முந்தின வாரம் நான் பின் சீட்டில் என் முறைக்காகக் காத்திருந்தேன். வண்டி இடது பக்கம் துளி சாய்ந்தது, அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். அந்த அம்மாள் பதறி இடது பக்கம் வெட்டினார், அக்கா மறுபடி இழுத்தார். காலி ரோட்டில் குடித்தவன் நடப்பது மாதிரி போனோம்.

வண்டி நின்றது. நிறுத்தியது அக்கா இல்லை, அந்த அம்மாள். "அக்கா, கொஞ்சம் கையை எடுங்க" என்றார். "நான் தப்பு பண்றதுக்கு முன்னாடியே நீங்க திருத்தறீங்க. நீங்க திருத்தினதை நான் திருத்தறேன். அதான் ஆடுது. நானா ஓட்டினா இவ்வளவு ஆடாது."

அக்காவின் வாய் திறந்தது. அப்படியே நின்றது. பிறகு இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "போங்க" என்றார். வண்டி கொஞ்சம் சாய்ந்தது, கொஞ்சம் நிமிர்ந்தது, மொத்தத்தில் நேராகப் போனது. என் முறை வரவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அன்று இருட்டியதும் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். குட்டிக் கேமரா மூன்று வினாடிக்கு ஒருமுறைதான் பார்க்க வேண்டும், பிழையில் பாதிக்கும் குறைவாகத்தான் திருத்த வேண்டும் என்று லேப்டாப்பில் மாற்றினார். விரல் பட்டனுக்கு மேலே வெகுநேரம் நின்றது. நட்சத்திரம் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் இரண்டு கோடுகள் திரையில் ஓட ஆரம்பித்தன. ஒன்று மேலே ஏறியது. அக்காவின் கால் தரையை அழுத்தியது.

"விடுங்க அக்கா" என்றேன்.

"வாயை மூடு. விட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார். கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. கோடு தானாகவே இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. அது நேர்கோடு இல்லை, சோம்பேறித்தனமாக நெளிகிற கோடு. முதல் படம் வந்ததும் பெரிதாக்கினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நட்சத்திரங்கள் எல்லாம் உருண்டை. நடுவில் ஆண்ட்ரோமெடா, சாம்பல் படிந்த தட்டுப்போல. அக்கா அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவரும் நான் பார்க்காத மாதிரியே எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் சீரகம் ஞாபகம் வரவில்லை.

செயலாளர் மட்டும் அசரவில்லை. "இதைவிட நல்ல படம் போன்ல தேடினா ஆயிரம் கிடைக்கும். இதுக்காக எல்லாரும் இருட்டுல இருக்கணுமா?" என்று சொல்லித் தாளையும் பேனாவையும் அக்கா பக்கம் தள்ளினார். "எல்லாரும் போட்டாச்சு. உங்களது மட்டும்தான் பாக்கி."

பந்தயத்தில் ஜெயித்த பிறகும் பேனாவைத் தள்ளுகிற ஆளை என்ன சொல்வது. எனக்கே ரத்தம் கொதித்தது. அக்கா வாயைத் திறந்தார்.

"எல்லாரும் போடலை." சொன்னது செயலாளரின் மனைவி. பின்வரிசையில் எழுந்து நின்றிருந்தார். "நம்ம வீடு என் பேர்ல இருக்கு. அதுல போட்டிருக்கறது உங்க கையெழுத்து."

"வீட்டுல பேசிக்கலாம், உக்காரு."

அவர் உட்காரவில்லை. ஆனால் அடுத்த வார்த்தையும் வரவில்லை. கூட்டமே திரும்பிப் பார்த்தது. அக்கா அவருக்காகப் பேசிவிடுவார் என்று நான் நினைத்தேன். கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். பிறகு அக்கா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் தடுமாறினார், நாங்கள் காத்திருந்தோம்.

"விளக்கு வேணும்னா கீழே தோட்டத்துல போடலாம்" என்றார் கடைசியில். "மாடி இருட்டாத்தான் இருக்கணும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

செயலாளர் மனைவியைப் பார்த்தார். அங்கே எதுவும் கிடைக்காமல் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக் கொடுத்துதானே இவ இப்படிப் பேசறா?"

"நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை சார்" என்றார் அக்கா. "கையை எடுத்தேன், அவ்வளவுதான்."

செயலாளர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.