கொஞ்சம் பெருத்துப்போன வளையங்கள்

வங்காள விரிகுடாவில் ஒரு கப்பல் மூழ்கினால், விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை வைத்திருக்கும் நான்தான் காரணம் என்று இரண்டு நாள் முழுசாக நம்பினேன். இத்தனைக்கும் கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், சேத்தியாத்தோப்பில் பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் வெள்ளாறு. அதிலும் பாதி நாள் மணல்தான்.

சென்னையிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்திருந்தார். கடற்படையின் பழைய மீட்புக் கப்பல் ஒன்று. நடுக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பல்களைக் கட்டி இழுத்துவருவது அதன் வேலை. கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் இயந்திரத்தின் மின்பெட்டிக்குள் உட்காரும் பீங்கான் வளையம் இப்போது எங்கும் கிடைப்பதில்லையாம். மாதிரிக்கு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "கப்பலு காத்துக்கிட்டு இருக்குது சார்" என்றார். ஃப்யூஸ் கட்டையும் பிள்ளையார் பொம்மையும் செய்துகொண்டிருந்தவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று மனைவியிடம் காபியைக்கூட அதிகாரியின் தோரணையில் கேட்டேன். கிடைக்கவில்லை.

பீங்கான் மண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகப் பிடிப்பது வழக்கம். நான் அளவைக் கூட்டியே எழுதிக் கொடுத்தேன். அச்சு பிடிக்கும் அண்ணன் வழக்கம்போலத் தன் பங்குக்கும் கூட்டிவிட்டார். ஒரே சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. அவசரத்தில் அளந்தும் பார்க்காமல் பார்சல் கட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் மிஞ்சிய வளையத்தை மாதிரியின் பக்கத்தில் வைத்தால், அப்பாவும் பிள்ளையும் போல இருந்தன.

"அண்ணே, நீங்களும் கூட்டினீங்களா?"

"கூட்டாம? நீ கூட்டிட்டேன்னு சொன்னியா?"

அன்று பார்த்து டிவியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். எங்கோ ஒரு கப்பல் தத்தளிக்கிறது. காப்பாற்றப் போகவேண்டிய மீட்புக் கப்பலோ, என் வளையம் பெட்டிக்குள் நுழையாமல் துறைமுகத்திலேயே நிற்கிறது. போன் அடித்தால் போலீஸாகத்தான் இருக்கும் என்று அதை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். தண்ணீர் குடித்தாலும் மாலுமிகள் ஞாபகம். கடைசியில் பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

"ஃபாதர், ஒரு கப்பல மூழ்கடிச்சிட்டேன்."

"எந்தக் கப்பலு?"

"தெரியலைங்க. இன்னும் மூழ்கலை."

முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளையம் பெருசுன்னு அந்த ஏஜென்ட்டுகிட்ட சொன்னீங்களா?"

"போனு அரிசி டிரம்முல இருக்குதுங்க."

"மொதல்ல வூட்டுக்குப் போயி அத எடுங்க. பாவசங்கீர்த்தனம் அப்புறம் பாத்துக்கலாம்."

எடுத்தேன். அரிசியை ஊதிவிட்டு ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன்.

"சார், வளையம் பெருத்துப்போச்சு. கப்பலு நிக்குதுங்களா?"

"எங்க நிக்குது? பழைய வளையத்தோடவே போன வாரம் கெளம்பிப் போயிடுச்சே. உங்களுது ஸ்டோர்ல வைக்கிறதுக்கு."

"காத்துக்கிட்டு இருக்குதுன்னீங்களே?"

"அப்படிச் சொல்லலைன்னா நீங்க பொங்கல் கழிச்சுத்தான அனுப்புவீங்க?"

சரியான அளவில் மறுபடி செய்து அனுப்பினேன். அந்தத் தாழ்வு மண்டலத்தில் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. பெருத்த வளையங்கள் பார்சலிலேயே திரும்பி வந்தன. நான் ஒட்டிய டேப்பை யாரும் பிரித்திருக்கவில்லை.