நின்றவரை உட்கார வைத்த துடுப்பு

1. அந்நியர் முகம்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் யூனிட்டை மூடிவிட்டார்கள். பிழைப்புக்காக, மலைமேல் இருக்கும் பெரிய ஏரிக்குத் துடுப்புப் படகு ஓட்டப் போனேன். அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. படகில் அப்படி இல்லை. துடுப்பு போடுகிறவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எதிர்ப் பலகையில் சவாரிக்காரர். நாள் முழுக்க அந்நியர் முகம். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குனிந்தே இருந்து கழுத்து வலித்தது.

தொழில் சொல்லிக் கொடுத்தவர் சீனியர் செல்வம் அண்ணன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்.

"யார்னா எழுந்து நின்னாங்கன்னா கத்தாத. துடுப்ப ஒரே இழுப்பா இழு. தானா குந்திடுவாங்க. கவுந்துச்சுன்னா ஆழம் நமக்கே தெரியாது."

அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். உட்கார்ந்தவர்களும் சிரித்துக்கொள்வார்கள்.

2. தூண்டில் படகு

மற்றவர்கள் பாட்டுப் பாடி, ஷூட்டிங் கதை சொல்லிச் சவாரி பிடித்தார்கள். என் படகில் ஏறியவர்கள், "ஏம்பா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார்கள். மேனேஜர் என்னை அனுப்பிவிடும் யோசனையில் இருந்தார். மீன் பிடிக்க வந்த ஒரு கான்ட்ராக்டரால் தப்பித்தேன்.

"இந்த ஊமையனயே அனுப்புங்க. பேசினா மீன் வராது."

அதிலிருந்து தூண்டில் படகு என்னுடையது. அந்த ஏரியில் எனக்கு ஒத்துவந்த ஒரே வேலை அது.

ஒருநாள் காலை அந்தக் கான்ட்ராக்டர் தூண்டிலில் பெரிய கெண்டை சிக்கியது. அது படகின் முன்பக்கம் ஓட, தூண்டில் நரம்பு என் தலைக்கு மேல் விறைத்து நின்றது. அவர் எழுந்து நின்றுவிட்டார். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"குந்துங்க சார்."

"சும்மா இருய்யா."

துடுப்பை இழுத்தேன். அவர் பொத்தென்று பலகையில் விழுந்தார். நரம்பு அறுந்தது. மீன் போய்விட்டது.

3. ஆபீஸ் ரூம்

"வேணும்னே இழுத்தான் சார். என்னைத் தண்ணில தள்ளப் பார்த்தான்," என்றார் கான்ட்ராக்டர்.

மேனேஜர் என்னைக் கேட்டார். "வேணும்னேயா இழுத்த?"

"ஆமாங்க சார்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேங்க."

"இப்ப சொல்றதே எனக்குக் கேக்கல."

பிறகு செல்வம் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் இப்படித்தான் பண்றீங்களா?"

எந்தச் சவாரிக்காரரையும் முகம் பார்த்துப் பேசுகிற அண்ணன், அன்று தரையைப் பார்த்தார்.

"நாங்க வாயால சொல்லிடுவோம் சார். இது அவனா பண்ணது."

மத்தியான பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிட்டேன். இப்போது வேறொரு யூனிட்டில் செராமிக் பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறேன்.

படகு வேலைக்குப் போகிற தம்பிகளே, யாராவது எழுந்து நின்றால் இழுங்கள். ஆள் மூழ்கக் கூடாது. ஆனால் கரைக்கு வந்ததும் உங்கள் பக்கம் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே இழுங்கள்.