போஃபிராத்தோ

லிஃப்ட் மெக்கானிக் எஸ்பெராண்டோ படிப்போம் என்று கனவிலும் நினைத்தவரல்ல. உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி அது. நூலக மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. பேக்கரியில் ரொட்டி சுடும் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அதில் சேரத் துணைக்கு ஆள் தேடினார்; மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் உறவுமுறைப் பாடம். மச்சானுக்கு 'போஃபிராத்தோ' என்று டீச்சர் பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டினார். 'ஃபிராத்தோ' என்றால் உடன்பிறந்தவன். கல்யாணத்தால் வந்த உறவானால் முன்னால் 'போ' சேர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் மச்சானை 'அழகான சகோதரன்' என்பார்களாம். அந்த 'அழகான' என்ற சொல்தான் இந்த 'போ'.

வீட்டில் சொன்னதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யாரு, எங்கண்ணனா அழகு? அடுப்புல வெந்த மூஞ்சி! அதுவும் உறவுக்காரங்கள 'போ'ன்னு சொல்லியா கூப்பிடுவாங்க?"

"ஒரு நியாயம் இருக்கு பாரு," என்றார் கூட வந்திருந்த அண்ணன். "இங்க நான் மாப்பிள்ளைங்கிறேன், அவரு மச்சாங்கிறாரு. அங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

அதன்பிறகு இருவரும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் வேலைக்குப் போனார். அங்கே ஒரு லிஃப்டில் ஆட்கள் சிக்கியிருந்தார்கள். போன் அடித்ததே அவர் காதில் விழவில்லை. தங்கையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அண்ணன்தான். மெக்கானிக் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வகுப்புக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். மனசு கேட்காமல் மெக்கானிக் பேக்கரிக்கே தேடிப் போனார். அண்ணன் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"போஃபிராத்தோ..."

"அப்படிக் கூப்பிடாதீங்க, மாப்பிள்ள. அதுல 'போ'ங்கிற இடத்துல அவதான் நிக்கிறா."

"மச்சான்னு கூப்பிட்டா?"

"அது மட்டும் யாரால வந்த உறவு?" மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோவமெல்லாம் இல்ல. உங்களப் பாத்தா, பின்னாலயே அவளும் வர்ற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் வராதீங்க."

மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பொறுக்க மாட்டாமல் மறுபடி போனபோது, அடுப்படியில் வேறு யாரோ நின்றிருந்தார்கள். அண்ணன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை.

மெக்கானிக் வகுப்பை விடவில்லை. மொழி மேல் இப்போதும் பெரிய ஆசையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.