கோட்டுப்பால்

ஜாசின் சிக்னலில் என் காருக்கு முன்னால் ரப்பர் லோரி ஒன்று நின்றது. புளித்த பாலின் வாடை உள்ளே புகுந்தது.

"நாறுது லா அம்மா! கண்ணாடிய ஏத்துங்க," என்றாள் மகள்.

நான் ஏற்றவில்லை. ஆபீஸில் கமலா எல்லார் முன்னாலும் என்னை ஏசியது நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வாடை என்னை எஸ்டேட்டில் அம்மா பால் வெட்டிய ரப்பர் மர வரிசைக்கு, அம்மாவின் நிரைக்குக் கொண்டுபோய்விட்டது.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போவேன். மரப்பட்டையில் முந்தின நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை அம்மா முதலில் நாடா போல உருவி எடுப்பார். அதை விட்டுவிட்டு வெட்டினால் புதுப்பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழாமல் மரமெல்லாம் வழிந்துவிடும்.

குழாயடியில் பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தையோடு பெரிய சண்டை நடந்த மறுநாள், ஒவ்வொரு மரத்திலும் உருவும்போது அம்மா முணுமுணுத்தார்.

"ஏசப்பா, அவ பேசுனதையும் இப்படியே உருவிப் போட்டுருங்க."

சில மரங்களில் கோட்டுப்பால் லேசில் உரிந்து வராது. அங்கே ஜெபமும் நீண்டது, குரலும் ஏறியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நிரை முடிவதற்குள் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. பசியாற உட்கார்ந்ததும் அடுத்த நிரையைப் பார்த்துக் கத்தினார்.

"லெட்சுமி, கோப்பி ஆறுது, வாடி!"

பச்சை விழுந்தது. "ஏசப்பா, எனக்கும்" என்று சொல்லிக்கொண்டே காரை எடுத்தேன். மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடையில் நிறுத்தினேன்.

"வழக்கம்போல ஒண்ணுதானே?" என்றார் கடைக்கார அக்கா.

"ரெண்டு கட்டுங்க அக்கா. ஒண்ணுல சம்பல் கூடப் போடுங்க. கமலாவுக்குக் காரம் பிடிக்கும்."