மேரியக்காவின் மூடிக்கூடை

மூடியைத் திறந்ததும் புளித்த பழச்சாற்றின் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே கறுத்துக் கூழாகிப்போன தோல்களின் மேல் சிறு பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நோர்பரியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி மேரி என்றொருவர் இருந்தார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலத்து வபனாகிப் பழங்குடியில் பிறந்து, ஆங்கிலேய பஸ் சாரதி ஒருவரை மணந்து லண்டனுக்கு வந்தவர். எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கே பூசைக்கு வருவதால் அம்மாவுக்கு அவர் "மேரியக்கா". அவருடைய தம்பி சதுப்பு நிலத்தில் தேடி வெட்டிய ஆஷ் மரத்தைக் கோடரியின் பின்புறத்தால் அடித்து அடித்து, ஆண்டு வளையங்கள் ஏடு ஏடாகக் கழன்றதும் நாடாவாகக் கீறி அனுப்புவார். கடலோர உப்புச் சேற்றில், வேரை நிலத்திலேயே விட்டு இழுத்தெடுத்த வாசனைப் புல்லும் அதே பொதியில் வரும். அம்மா அதை "மணப்புல்" என்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க, தம்பி மகளின் திருமணத்துக்கென்று மேரியக்கா அவற்றால் ஒரு மூடிக்கூடை பின்னினார்.

எங்கள் பள்ளியில் கைவினைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தபோது, அம்மா கெஞ்சிக் கேட்டு அதை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கித் தந்தார். ஆசிரியை "இந்தியக் கூடை" என்று எழுதி வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரியான என்னையும் அவர் "இந்தியப் பிள்ளை" என்றே சொல்லிவந்ததால் நான் திருத்தவில்லை. இரண்டாம் நாள் வகுப்புக் குப்பைத்தொட்டி உடைந்துபோக, பழத்தோல்களைக் கூடைக்குள் போடச் சொன்னார். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது என்னுடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, பாதி தின்ற கதலி வாழைப்பழத்தை நானும் எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை கூடையைத் திறந்த அம்மா "ஊத்தை பிடிச்ச சனம்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு தேய்த்தும் நாற்றம் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, மேரியக்கா கூடையை மோந்து பார்த்துவிட்டு, நீயும் போட்டாயா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டினார். திங்களன்று அதைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்து மோந்து பார்க்கச் சொன்னாராம். தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறொன்று வாங்கித் தருவதாகச் சொன்னாராம். திருமணத்துக்கு மேரியக்கா வெறுங்கையோடு போய்வந்தார்.

சென்ற மாதம், இப்போது மோர்டனில் இருக்கும் அம்மாவிடம் சாப்பாட்டு நேரத்தில் இதை ஒப்புக்கொண்டேன். அவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில கதலிப்பழம் கொண்டுபோறது நீ ஒருத்திதான். உன்னைக் கூட்டிக்கொண்டு போக முந்தியே அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

"பிறகேன் என்னட்டக் கேட்டவ?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தவ."

மேரியக்கா இறந்து நாலு வருடமாகிறது. அவருடைய தம்பியின் ஊரில் ஆஷ் மரங்களை ஏதோ வண்டு அரித்துக் கொல்கிறதாம். நோர்பரிக் கோவிலில் அவர் நின்ற வரிசையில் இப்போது வேறொரு குடும்பம் நிற்கிறது. அந்த வரிசையில்தான் ஞாயிறுதோறும், பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், எல்லாம் தெரிந்துகொண்டே அவர் என் கையைப் பிடித்தார். நான் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.